மெழுகுக்குள் டொரதி

“இது குண்டு இல்ல மாத்தயா, எம் பொஞ்சாதி.”

பிலிமத்தலாவைச் சோதனைச் சாவடி தோன்றிய நாள் முதலாக இப்படியொரு வாக்குமூலத்தைக் கேட்டதில்லை. மத்தியாஸ் நீட்டிய டப்பாவைச் சிப்பாய் திறந்தான். உள்ளே, தீப்பெட்டியில் பாதி அளவில் வெளிறிய துண்டு ஒன்று. கொழும்பு பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்ட சனம் மொத்தமும் பத்தடி பின்வாங்கியது.

மனைவி டொரதியின் மார்பில் வெட்டியெடுத்த கட்டியில் மிஞ்சிய ஒரே துளியை மெழுகில் பதித்துக் கொடுத்திருந்தார் கண்டி டாக்டர். கொழும்பில் அதன் மரபணுவைச் சோதிக்க வேண்டும். குறிப்பிட்ட ஒரு மரபணு அளவுமீறிப் பெருகியிருந்தால்தான் புது ஊசி பலிக்கும். அந்தப் பதில் வராமல் ஊசியைத் தொடமாட்டேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

தேயிலைத் தொழிற்சாலைக் கந்தோரில் கணக்கெழுதி ஆயுள் முழுக்கச் சேர்த்த சிங்களம் அத்தனையையும் மத்தியாஸ் அங்கே கொட்டினார். சார்ஜன்ட் பொறுமையாகக் கேட்டார். மெழுகுக்குள் சதையாம், அதைப் படித்துப் பார்க்கக் கொழும்பாம். இதைவிட நல்ல பொய் கிடைக்கவில்லையா என்று விசாரித்தார்.

பிறகு டப்பாவை வெடிவைத்துத் தகர்க்க மணல்மூட்டை வந்தது, வயர் வந்தது. டப்பா வெடித்த வெடியில் பிலிமத்தலாவைக் காகங்கள் கண்டி வாவியில் போய்த்தான் இறங்கியிருக்கும். சிரித்தபடியே சார்ஜன்ட் மத்தியாஸைப் போகச் சொன்னார்.

வெறுங்கையோடு அவர் பஸ்ஸுக்குள் ஏறினார். பெண் பொலிஸ் முதலிலேயே சோதித்து அனுப்பிவிட்டதால் டொரதி யன்னலோரம் அமர்ந்து, ஏதோ பெரஹர ஊர்வலம் பார்க்க வந்தவளைப் போலக் கடலை கொறித்துக்கொண்டிருந்தாள்.

“போச்சு டொரதி. ஒன் உசுரையே வெடிக்க வச்சுட்டானுங்க.”

அவள் காகிதக் கடலைச் சரையை அவரிடம் நீட்டினாள். பஸ் புறப்பட்டு, சாவடி வளைவுக்குப் பின்னால் மறையும்வரை காத்திருந்தாள்.

“அழாதீங்க. வெடிச்சது உடுப்புத் தொவைக்கிற சவுக்காரம். சொல்லியிருந்தா ஒங்க மூஞ்சியே காட்டிக் குடுத்திருக்கும்.”

அவர் கையைப் பிடித்துத் தன் கொண்டைக்குள் வைத்து அழுத்தினாள். சின்னதாய், சதுரமாய், கெட்டியாய் ஒன்று விரலில் தட்டியது.