ஆப்புக்கு ஒரு துண்டுத் தேக்கு

கிட்டாரின் ஆறாவது கம்பியில் சுருதியை ஏற்றினான். மற்ற ஐந்தும் இறங்கின.

ஐந்தையும் ஏற்றினான். ஆறாவது இறங்கியது.

கூட்டணி ஆட்சி.

கிட்டாரை மடியில் படுக்கவைத்துப் பார்த்தான். கம்பிகள் வந்து உட்காரும் பிரிட்ஜ், கொட்ட வரும் தேளைப் போல வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது. ஒரு பக்கம் கம்பிகள் இழுத்தன. மறுபக்கம், கிட்டாரின் முதுகுக்குள்ளிருந்து மூன்று ஸ்பிரிங்குகள் இழுத்தன. நேற்றுவரை இழுபறி சமமாக இருந்தது. இன்று காலையில்தான் தடித்த கம்பிகளை மாட்டினான்.

எதற்கு மாட்டினான்?

தொனிக்காக.

தொனி என்பது தவம் என்று இசைக்குழுவின் வாட்ஸப்பில் எழுதியிருந்தான். மெல்லிய கம்பியில் சத்தம்தான் இருக்கும், தடித்த கம்பியில்தான் ஆன்மா இருக்கும் என்றும் எழுதியிருந்தான். நிறையப் பேர் கைகூப்பினார்கள். தபேலாக்காரர் மட்டும் கூப்பிய கையை உடனே அழித்துவிட்டார்.

பழைய கம்பிகள் துண்டுதுண்டாகக் குப்பைக்கூடையில் கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை, கடை கிடையாது. ஸ்பிரிங்கை இறுக்கும் திருகோ ஏற்கெனவே அடிவரை போயிருந்தது.

சாயங்காலம் ஒரு கல்யாண வரவேற்பில் கச்சேரி. குழுவை நடத்தும் மரியசூசை போன வாரமே சொல்லிவிட்டான்.

"அண்ணே, இன்னொரு தடவை சுருதி போச்சுன்னா உங்க லீட் கிட்டாரைக் கீபோர்டுலயே போட்டுக்கறோம். நீங்க முன்வரிசைல உக்காந்து ரசிங்க."

மரியாதையாகத்தான் சொன்னான். அதுதான் உறுத்தியது.

முதுகு மூடியைக் கழற்றினான். ஸ்பிரிங்குகள் பிடித்திருந்த இரும்புக் கட்டிக்குப் பின்னால் ஒரு விரற்கடை இடைவெளி. அங்கே ஓர் ஆப்பு செருகினால் கட்டி நகராது. கட்டி நகராவிட்டால் பிரிட்ஜும் வாலைத் தூக்காது.

அழிரப்பரைச் செருகினான்.

சுருதி நிலைத்தது. சத்தம் மட்டும் போர்வைக்குள்ளிருந்து வந்தது.

கல்யாணப் பத்திரிகையை மடித்து மடித்துச் செருகினான். இரு வீட்டாரும் அழைத்தும் சத்தம் வர யோசித்தது.

துணிக்குப் போடும் பிளாஸ்டிக் கிளிப். மூக்கால் பேசியது.

சோப்புத் துண்டு. வழுக்கி விழுந்தது. கிட்டார் மணத்தது.

வேடிக்கையாக இருந்தது. அதே கம்பி, அதே விரல். யார் கண்ணுக்கும் தெரியாத ஒரு குழிக்குள் என்ன வைத்திருக்கிறோம் என்பதைக் கம்பி சபையில் வந்து சொல்லிவிடுகிறது. இத்தனை வருடத் தவத்தில் இது எங்கேயும் வரவில்லை.

அவசரம் மறந்துபோனது. வீட்டிலிருந்த ஒவ்வொன்றையும் தட்டித் தட்டிக் காதைக் கொடுத்தான். நாற்காலிக் கால். கதவின் தாழ்ப்பாள் கட்டை. பூரிக்கட்டை.

"அதைத் தொடாதீங்க," என்றாள் மனைவி.

மரம்தான் வேண்டும். கெட்டியான, நல்ல மரம்.

ஷோகேஸைத் திறந்தான்.

கிட்டார் சக்கரவர்த்தி. நரம்பிசை வேந்தர். ஆறுகம்பி அரிமா. சால்வை போர்த்திய கையோடு ஊர்ச் சங்கங்கள் கொடுத்த கேடயங்கள். மனதைக் கல்லாக்கிக்கொண்டான். கலைக்காக ஒரு பட்டத்தை இழக்கலாம்.

சக்கரவர்த்தியை விரல் முட்டியால் தட்டினான்.

பொத்.

வேந்தரும் பொத். அரிமாவைத் தட்டியதில் மரக்கோடு போட்ட ஸ்டிக்கர் உரிந்து வந்தது. உள்ளே தெர்மாகோல்.

பின்வரிசையில் சின்னதாக ஒரு கேடயம். அது ஷோகேஸோடு சேர்ந்து வந்தது என்றே இவ்வளவு காலமும் நினைத்திருந்தான்.

தட்டினான்.

முட்டி வலித்தது.

தேக்கு.

வெளிச்சத்தில் பிடித்துப் படித்தான். மாவட்ட அளவிலான பாட்டுப் போட்டி. முதல் பரிசு. ச. வளர்மதி.

அடுக்களைப் பக்கம் திரும்பினான்.

"வளர், நீ பாடுவியா?"

"பாடிக்கிட்டிருந்தேன்."

கையில் மாவோடு வந்து நின்றாள். கேடயத்தைப் பார்த்தாள். அவன் இன்னொரு கையிலிருந்த ஆக்ஸா பிளேடைப் பார்த்தாள்.

"அடிப்பலகையை மட்டும் வெட்டுங்க. பேரு மேல இருக்கு."

போய்விட்டாள்.

வெட்டினான். உப்புத்தாளில் தேய்த்தான். செருகினான். அளவெடுத்துச் செய்த மாதிரி போய் உட்கார்ந்தது.

காதாலேயே சுருதி சேர்த்தான். சுருதி காட்டும் டியூனர் என்பது செவிடர்களின் ஊன்றுகோல் என்று எழுதியவன் அவன். ஒன்றைத் திருக, மற்றவை கிடந்த இடத்திலேயே கிடந்தன. ஆறு கம்பிகளையும் சேர்த்து மீட்டினான்.

சத்தம் எழுந்தது. ஆளுயரத்துக்கு எழுந்தது. நாற்காலிக்குள் இறங்கித் தொடையில் அதிர்ந்தது. கம்பியிலிருந்து கையை எடுத்த பிறகும் நின்றது.

அடுக்களையிலிருந்து ஒரு குரல் வந்து அதில் சேர்ந்தது.

வார்த்தை இல்லை. ஒரே ஒரு சுரம். வேலைக்கு நடுவே தன்னையறியாமல் பிடித்தது போல.

சேர்ந்தது, ஆனால் ஒட்டவில்லை. எங்கோ ஒரு மயிரிழை உரசியது.

பாவம், விட்டுப்போய் வெகுகாலம் ஆகிவிட்டது என்று நினைத்தான். பெருந்தன்மையாக ஒரு புன்னகைகூட வந்தது.

மறுபடி மீட்டினான். குரல் அதே இடத்தில் நின்றது. உரசலும் அப்படியே இருந்தது.

யோசனை வந்தது. கம்பிகளை ஒவ்வொன்றாகத் தனியாகச் சுண்டினான். ஆறாவது ஒட்டியது. ஐந்தாவது ஒட்டியது. நான்கு, மூன்று.

இரண்டாவது கம்பி உரசியது.

புன்னகையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

மூச்சு விடாமல் திருகாணியைப் பிடித்தான். கொஞ்சமாகத் திருகினான். இன்னும் கொஞ்சம்.

குரல் நிற்பதற்குள் சேர்த்துவிட வேண்டும்.