நீள முடிக்குக் கடைசி இடம்

“போர்டைப் படிக்கத் தெரியாதா மிஸ்டர்? நீள முடி வெச்ச ஆம்பளைங்களுக்குக் கடைசியிலதான். போய் உட்காருங்க!”

குமாஸ்தா குவெக் போட்ட அதட்டலில் வரிசையே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. ஜைலானி தோளில் புரண்ட முடியை வேண்டுமென்றே ஒருமுறை சிலுப்பிவிட்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தான்.

காலையிலிருந்து அந்த அரசாங்க அலுவலகத்தில் இதே கதைதான். அவனுக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் வேலை முடிந்து போய்விட்டார்கள். இன்றைக்குள் அனுமதி வாங்காவிட்டால் சனிக்கிழமைக் கச்சேரி கிடையாது. அது போனால் அவனுடைய ‘ஊதா மேகங்கள்’ இசைக்குழுவும் போச்சு.

“டேய், கீழேயே முடி வெட்டுற கடை இருக்குடா,” என்று கெஞ்சினான் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கும் அஸ்மான். “முடிதானே, வளர்ந்துடும்லா!”

“முடி வளரும்டா. நாம குனிஞ்சது குனிஞ்சதுதான்.”

“வீராப்புக்கு ஒண்ணும் குறைச்சலில்ல! ஒரு காலத்துல சிங்கப்பூரே நம்ம பின்னால ஓடுச்சு. சுவரெல்லாம் கலர் வெளிச்சம் சுத்த, நீ கிட்டாரை இழுத்தா பொண்ணுங்க மயங்கி விழுந்தாங்க. இப்போ? கிளப்பெல்லாம் மூடியாச்சு. டிவில கூப்பிட்டான், உன் முடியால அதுவும் போச்சு. டிரம்ஸ் அடிச்சவன் கிராப்பு வெட்டிக்கிட்டு பேங்க்ல சேர்ந்துட்டான்!”

“சேரட்டும். கடைசிக் கச்சேரியா இருந்தாலும் இந்தத் தலையோடதான்.”

அஸ்மான் தலையில் அடித்துக்கொண்டு வெளியே போனான்.

அலுவலகம் மூடும் நேரம். பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய மேலதிகாரி ஜைலானியை ஏற இறங்கப் பார்த்தார்.

“இந்தக் காலிப் பசங்களை இப்படித்தான் வழிக்குக் கொண்டுவரணும். உன்னை மாதிரி நாலு பேர் இருந்தாப் போதும், குவெக்.”

“நான் பார்த்துக்கிறேன் சார்,” என்று எழுந்து நின்றான் குவெக். எண்ணெய் பளபளக்க, வகிடெடுத்துப் படியச் சீவிய தலை.

ஜைலானிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேலதிகாரி போனதும் நேரே போய் மேசையில் ஓங்கித் தட்டினான்.

“இப்போ நான் ஒருத்தன்தான் பாக்கி! கொடுக்கிறியா இல்லையா? நாளைக்கு வான்னாலும் இதே முடியோடதான் வருவேன். நாளன்னைக்கும் வருவேன். என்னய்யா பண்ணுவே?”

குவெக் விண்ணப்பத்தை இழுத்து, படித்துக்கூடப் பார்க்காமல் முத்திரையைக் குத்தினான். பிறகு கதவைச் சாத்தித் தாழ் போட்டான்.

“கோவிச்சுக்காதீங்கண்ணே. நீங்க தனியா மாட்டினாத்தானே கேக்க முடியும்? டிரம்ஸ்காரர் போயிட்டாராமே, காதுல விழுந்துச்சு. நான் அடிக்கட்டுமா?”

ஜைலானிக்குச் சிரிப்பதா அறைவதா என்று தெரியவில்லை.

“நீயா? எங்க மேடையில கிராப்புத் தலைக்கெல்லாம் இடமில்ல, போய்யா!”

குவெக் இரண்டு கைகளாலும் தன் கிராப்பைப் பிடித்து, அப்படியே கழற்றி மேசைமேல் வைத்தான். உள்ளே சுருட்டிக் குத்தி வைத்திருந்த முடி அவிழ்ந்து, ஜைலானியின் முடியைவிட ஒரு சாண் கீழே இறங்கித் தொங்கியது.