நெஞ்சு வரை ஒரு போட்டோ

நாற்பத்திரண்டு வயது முருகானந்தம், போர்க்கால சீரியல் ஒன்றில் பதினேழு வயதுப் பட்டாளக்காரனாக மூன்று வருடமாகக் குண்டுகளுக்குத் தப்பிக்கொண்டிருந்தார்.

“டைட்டில்ல என் பேருதான் முதல்ல வரணும். இல்லன்னா நடிக்க மாட்டேன்” என்று நேற்று முழங்கியிருந்தார்.

இன்று ஸ்ரீரங்கத்துப் படப்பிடிப்பு வீட்டில் அநியாயத்துக்கு மரியாதை. டைரக்டரே காபி நீட்டினார்.

“யூனிபார்ம்ல லேசா சிரிங்க சார். நெஞ்சு வரைக்கும் ஒரு போட்டோ போதும்.”

“டைட்டிலுக்குத்தானே?”

அவருக்கு அம்மாவாக நடிக்கும் இருபத்தெட்டு வயது யாழினி, கிளிசரின் பாட்டிலைத் தேடிக்கொண்டிருந்தாள்.

பூக்கடை ராசப்பன் கூடையோடு உள்ளே வந்தார். “மாலை ரெடிங்க.”

முருகானந்தம் பெருமிதத்தோடு கழுத்தை நீட்டினார்.

“உங்க கழுத்துக்குப் பத்தாதுங்க சார்” என்றார் ராசப்பன். “போட்டோவுக்குத்தான் கட்டச் சொன்னாங்க.”