ஐம்பது கிராம்

உலகத்தார் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இன்று காலை ஏழு மணிக்கு அவன் எடை எண்பத்தைந்து கிலோ அறுநூறு கிராம்.

ஜட்டியோடு நின்றபோது.

மாவட்டக் கபடி அணிக்குத் தேர்வு. எண்பத்தைந்தைத் தாண்டினால் களத்தில் இறங்க முடியாது. எடை மெஷினை எட்டரைக்கு எடுத்துவிடுவார்கள்.

அடுத்த வருடம் அவனுக்கு முப்பத்தைந்து. அந்த வயதில் முட்டி யார் பேச்சையும் கேட்பதில்லை.

மேலக்கரும்பூர் சூறாவளி குழுவுக்குப் பதினோரு வருடமாக ஆடுகிறான். சுற்றுவட்டாரத்தில் ஜெயிக்காத ஊர் இல்லை. குத்துவிளக்கு வாங்கியிருக்கிறான், சில்வர் அண்டா வாங்கியிருக்கிறான், ஒரு முறை கிடா. மாவட்டத்தின் பெயர் போட்ட பனியனை மட்டும் வாங்கியதில்லை. ஒரு வருடம் கணுக்கால். ஒரு வருடம் தேர்வாளரின் மைத்துனன். இந்த வருடம் பிரியாணி.

அந்தப் பனியன் வேண்டும். ஒரு தடவை போட்டால் போதும்.

மைதானத்து வாசலில் ஊர்க்காரர்கள் அவனுக்கு பிளக்ஸ் வைத்திருந்தார்கள். அதில் மீசை மட்டும் மூன்றடி.

எல்லா ஊரிலும் அவன் பெயரே மீசைதான். நடுக்கோட்டில் நின்று இடது பக்கம் ஒரு முறுக்கு, வலது பக்கம் ஒரு முறுக்கு. அதற்குப் பிறகுதான் ரெய்டு. மைக் பிடிக்கும் தேவசகாயம் அந்த இரண்டு முறுக்குக்கும் நடுவில் ஒரு காவியத்தையே முடித்துவிடுவார்.

"வாராரு வாராரு, மேலக்கரும்பூர் மீசை வாராரு. பிடிக்கிற ஆளு வீட்டுல சொல்லிட்டு வந்தீங்களாப்பா?"

விசில் பறக்கும்.

ஏழே கால். ஸ்வெட்டர். அதற்கு மேல் மழைக்கோட்டு. மைதானத்தைச் சுற்றி ஓடினான். மனைவியின் தம்பி சொரிமுத்து கூடவே ஓடி, அவன் வாயில் புளியைத் திணித்துத் துப்பச் சொன்னான்.

எண்பத்தைந்து முந்நூறு.

ஓடினான். துப்பினான்.

எண்பத்தைந்து இருநூறு.

வாய் காய்ந்துவிட்டது. நேற்று காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட இல்லை. துப்புவதற்கும் உள்ளே ஏதாவது இருக்க வேண்டும்.

வாசலுக்கு எதிரே சலூன். மொட்டை. குலசாமிக்கு நேர்ந்துகொண்டு வளர்த்த முடி.

"சாமிகிட்ட நான் பேசிக்கிடுதேன் அத்தான், நீங்க குனிங்க" என்றான் சொரிமுத்து.

எண்பத்தைந்து நூறு.

வெள்ளி அரைஞாண். உயிரோடு இருக்கிற ஆண்பிள்ளை இடுப்பிலிருந்து அதை எடுப்பதில்லை. எடுத்தான்.

எண்பத்தைந்து ஐம்பது.

எட்டு இருபது.

மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பி.டி. மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அவன் முகத்தைப் பார்த்தார். சொரிமுத்துவும் பார்த்தான்.

பார்ப்பதற்கு அங்கே ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

அதன் எடை மிஞ்சிப்போனால் மூன்று கிராம். ஆனால் மெஷின் ஐம்பது ஐம்பதாகத் தாவுகிற ஜாதி. எந்த இழையில் தாவும் என்பது அதற்கு மட்டும் தெரியும்.

"மீசை வளந்திரும் அத்தான். வயசு எறங்காது."

அவன் சலூனுக்கு நடந்துதான் போனான். நேரம் இல்லை. இருந்தாலும் ஓடவில்லை.

சலூன்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"நான் தொட மாட்டேன் அண்ணாச்சி. நாளைக்கு இந்த ஏரியாவுல ஒரு பய எங்கிட்ட முகத்தக் குடுக்க மாட்டான்."

அவனே எடுத்தான். முதலில் இடது பக்கம். பிறகு வலது பக்கம்.

திரும்பி வரும்போது பிளக்ஸின் கீழேதான் நடந்து வந்தான். அது அவனைக் கண்டுகொள்ளவில்லை.

எண்பத்தைந்து. புள்ளிக்குப் பின்னால் வெறும் சைபர்.

பி.டி. மாஸ்டர் பேரேதும் கேட்காமல் டிக் அடித்து, மெஷினை அணைத்தார்.

பத்து மணிக்கு ஆட்டம். மொட்டைத் தலையோடு நடுக்கோட்டில் நின்றான். இடது கை மேலே போனது. பதினோரு வருடப் பழக்கம்.

உதட்டுக்கு மேலே விரல்கள் நின்றன.

முறுக்க ஒன்றும் இல்லை.

மைதானத்தில் சத்தம் இல்லை. மைக்கிலும் இல்லை. கொஞ்சம் கழித்துத் தேவசகாயத்தின் குரல் வந்தது. மிகவும் மரியாதையாக வந்தது.

"தம்பி, நீங்க எந்த ஊரு?"

அதற்குள் மூச்சைக் கட்டிப் பாட ஆரம்பித்தாயிற்று. பாடிக்கொண்டே போய் மூன்று பேரைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்குத் திரும்பினான். யாரும் விசில் அடிக்கவில்லை. காவியம் இல்லாமல் அவன் போய்வந்த முதல் ரெய்டு அது.

ஐந்து மணிக்குப் பட்டியல். மாவட்டத்தின் மானத்தைத் தோளில் சுமந்து புறப்படும் பன்னிரண்டு வேங்கைகள் என்று தேவசகாயம் தொடங்கினார். ஒவ்வொரு வேங்கைக்கும் கைதட்டல்.

பன்னிரண்டாவது, சு. பொன்னுலிங்கம்.

யாரும் கை தட்டவில்லை. அப்படி ஒருவனை அங்கே யாருக்கும் தெரியாது. அவனுக்கே ஒரு நொடி ஆயிற்று.

சொரிமுத்து அவனைக் கட்டிக்கொண்டு அழுதான்.

பனியன் கொடுத்தார்கள். மாவட்டத்தின் பெயர் நெஞ்சை அடைத்துக்கொண்டு இருந்தது. முதுகில் எண் பன்னிரண்டு. போட்டுக்கொண்டு, கீழ் ஓரத்தை இரண்டு தடவை இழுத்துவிட்டுக்கொண்டான். அரைஞாண் இன்னும் சொரிமுத்துவின் சட்டைப் பையில்தான் இருந்தது.

கபடியில் ஆடுவது ஏழு பேர்.