ஒரு பழுது பாக்கி

தணிகைவேல் எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் இலவசமாக விட்டிருந்த தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் பழுது என்றால், அவனுக்கு எழுதிக் கேட்பவர் உலகத்திலேயே ஒருவர்தான்: மன்னாரிலிருந்து செபமாலை. “தம்பி, புள்ளி வைச்சா கட்டம் வருது, பாருங்கோ. சாப்பிட்டீங்களோ?” இத்தனைக்கும் நேரில் பார்த்ததில்லை. ஒரு பெரிய நிறுவனம் அந்த மென்பொருளை விலைக்குக் கேட்டது. “இனிமே புகாரெல்லாம் எங்க ஆளுங்க பாத்துப்பாங்க சார். உங்கள ஒருத்தரும் தொந்தரவு பண்ணமாட்டாங்க,” என்றாள் தொலைபேசியில் பேசிய பெண். விற்பதாக இல்லை என்று வைத்துவிட்டான். அன்றே புள்ளியைச் சரிசெய்தான். எல்லா எழுத்தையும் அடித்துப் பார்த்தான்; ஒரு குறையும் இல்லை. புதிய பதிப்பை வெளியிடப் போன கை நின்றது. ‘செ’ என்ற எழுத்தை மட்டும் கெடுத்து, பிறகு வெளியிட்டான். செபமாலை தன் பெயரை அடிக்காமலா இருந்துவிடுவார்?