கல்லுக்கு ஒரு விரல் மேலே

யசோதினியை அஸீஸ் நானா கடையைவிட்டு விரட்டிவிட்டார். அதுவும் பின்னேரம், கடை நிறையச் சனம் பார்த்துக்கொண்டிருக்க. அவள் கையில் பாதியில் நின்ற வாழ்த்து அட்டைகள்.

யசோதினி என் சின்னம்மா மகள். அட்டையில் ஸ்டென்சிலை வைத்து ஒட்டுகிற மையைத் தடவுவாள். மை காய்வதற்குள் பொன்னிறத் தூளைத் தூவுவாள். சூடு காட்டினால் தூள் உருகி, பூவோ மயிலோ அட்டையிலிருந்து மேடாக எழும்பி மினுங்கும். விரலால் தடவிப் பார்க்காமல் யாராலும் கீழே வைக்க முடியாது.

அந்தச் சூடுதான் தொல்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டின் விறகடுப்பில் காட்டினால் அட்டை கறுத்துவிடும். அயன் பொக்ஸைப் போட்டால் லயத்து வரிசை முழுக்கக் கரண்ட் போய்விடும், பிறகு எல்லா வாசலிலிருந்தும் அவளுக்குத்தான் ஏச்சு. அதனால்தான் பண்டாரவளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அஸீஸ் நானாவின் சாப்பாட்டுக் கடை. சூடான ரொட்டிக் கல்லுக்கு ஒரு விரல் மேலே அட்டையைக் கிடுக்கியால் பிடித்தால், கண்ணை மூடித் திறப்பதற்குள் தூள் எழும்பிவிடும். நானாவும் இத்தனை காலம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. போன நோன்புப் பெருநாளைக்கு அவருடைய மகள் ஆதிலா தோழிகளுக்குக் கொடுத்ததெல்லாம் இவள் செய்த அட்டைகள்தான்.

இப்போது எங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழா. கொழும்பில் வேலை செய்கிற பிள்ளைகள் எல்லாம் வருவார்கள். அவர்களுக்குப் பிரசாதத்தோடு கொடுக்க, வேல் போட்ட வாழ்த்து அட்டை செய்யச் சொல்லியிருந்தார் கோயில் கமிட்டித் தலைவர் அழகர் மாமா. யசோதினிக்கு முதல் பெரிய ஆர்டர். பிந்தினால் பதுளையில் அச்சடிக்கக் கொடுத்துவிடுவேன் என்றும் எச்சரித்திருந்தார். காப்புக் கட்டியாயிற்று, சுத்தபத்தமாகச் செய்யவேண்டும், லயத்துப் பக்கம் ஒரு முட்டைக் கோதுகூடத் தன் கண்ணில் படக்கூடாது என்பது அவருடைய அடுத்த கட்டளை. அதற்குப் பயந்து இவள் இந்தக் குளிரில் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் ஸ்டென்சிலையே தொட்டாள்.

அப்படிச் செய்த அட்டையைத்தான் நானா கல்லுக்குக் கிட்டவே விடவில்லை.

"மொத அட்டைய நீட்டுனேன்க்கா. குனிஞ்சு பாத்தாரு. 'எடு எடு, இனிமே இத இங்க கொண்டுவர வாணாம்'னு ஒரே சத்தம். மூலையில மஃப்ளர் சுத்திக்கிட்டு சாப்பிட்டுக்கிட்டிருந்த ஆளுக்கே புரையேறிருச்சு," என்று அழுதாள் யசோதினி.

நான் கெம்பஸில் படிக்கிறவள். லீவுக்கு வந்த இடத்திலும் அநியாயம் என்னைத் தேடி வரும். மறுநாள் பின்னேரம் பஸ் ஏறினேன். கேட்கவேண்டியதை எல்லாம் வழிநெடுக ஒருமுறை பேசிப் பார்த்தேன். பக்கத்து சீட் அம்மா எழும்பி வேறு இடத்தில் போய் உட்கார்ந்தார்.

கடையில் கொத்து ரொட்டி போடுகிற சத்தம் காதைப் பிளந்தது. அதற்கு மேலே கேட்கிற மாதிரித்தான் நானும் தொடங்கினேன். தோட்டத்துப் பிள்ளை என்றால் யாரும் எப்படியும் பேசலாமா என்றேன். பெருநாளைக்கு இனித்த அட்டை திருவிழாவுக்குக் கசக்கிறதா என்றேன். நானா கொத்துகிற தகடுகளைக் கீழே வைத்துவிட்டு, கொஞ்சம் மெதுவாகப் பேசச் சொல்லிக் கையைக் காட்டினார். மெதுவாகப் பேசித்தான் எங்கள் சனம் இந்த நிலையில் இருக்கிறது என்று அதற்கும் ஒன்று வைத்திருந்தேன். கடைசியில் மனதில் இருந்ததையே கேட்டுவிட்டேன்.

"எங்க அட்டை பட்டா உங்க கல்லு தீட்டாகிருமோ?"

கடையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மூலை மேசையில், வாய்க்கு மட்டும் வழிவிட்டு மஃப்ளரைச் சுற்றியிருந்த ஒருவர்தான் சுவரைப் பார்த்தபடி வேகவேகமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நானா என்னைத் திரைச்சீலைக்குப் பின்னால் கூட்டிப்போனார். அங்கே மண்ணெண்ணெய் அடுப்பின்மேல் ஒரு ரொட்டிக் கல். புத்தம் புதிது. ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக்கூட இன்னும் உரிக்கவில்லை.

"கல்லுக்கு ஒண்டும் ஆகாது மகள்," என்றார். "முன்னுக்கு இருக்கிற கல்லுல பொழுதண்டைக்கும் எறச்சிக் கொத்துத்தான் போடுற. ரோசாப்பூவும் மயிலும் கொண்டுவந்தா எனக்கென்ன. நேத்து பாத்தா, வேல். காப்புக் கட்டின நேரம், கோயிலுக்குப் போற சாமான். அத அந்தப் பொகையில காட்ட விடலாமா? இந்தக் கல்லுல இன்னும் ஒண்டும் சமைக்கல்ல. புள்ளைய இங்க வந்து செஞ்சுக்கிறச் சொல்லுங்க."

எனக்கு வாயடைத்துப்போயிருக்க வேண்டும். போகவில்லை.

இதை நேற்றே அவளிடம் சொல்லியிருக்கலாமே என்றேன். நாலு பேர் முன்னால் விரட்டியது பிழை, பிழைதான் என்றேன். நின்று பேச நேரமில்லை என்று நானா இழுத்தார். கடைக்குள் வைத்துச் சொன்னால் பிள்ளையின் ஆர்டரும் போகும், வேறு ஒருவருடைய மானமும் போகும் என்றார். யாருடைய மானம்? நல்லது செய்கிறவர் எதற்காக ஒளிக்க வேண்டும்? எனக்கு ஒளிவுமறைவு என்றாலே ஆகாது.

"நான் அழகர் மாமாக்கிட்டயே நேரா எல்லாத்தையும் சொல்லிர்றேன் நானா. சுத்தபத்தம் தெரிஞ்சவரு. அவரே இங்க வந்து உங்களுக்கு நன்றி சொல்லுவாரு."

நானா திரைச்சீலையை ஒரு விரலால் விலக்கி, மூலை மேசையை எட்டிப் பார்த்தார்.

"சொல்லுங்க மகள். அந்தக் கொத்த மட்டும் அவரு சாப்பிட்டு முடிச்சிரட்டும்."