ஒதுங்கி வைத்த அடி

வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டாள் அக்கா. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கை அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அவன்மேல கைய வெச்சுடாத. இருக்கிற கொஞ்சநஞ்ச மானமும் போயிடும்."

"சும்மா உக்காருடி," என்றாள் அக்கா. பார்வை மேடையைவிட்டு அசையவில்லை.

மேடையில் நின்றவன் அவர்களுடைய எதிர்வீட்டுக்காரன். அது கராத்தே சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். கறுப்பு பெல்ட் வாங்கியவர்கள் தங்களுக்குப் பிடித்த கட்டாவைச் செய்துகாட்டி, அது ஏன் பிடிக்கிறது என்றும் சொல்ல வேண்டும். கட்டா என்றால், எதிரில் ஆளே இல்லாமல், ஆள் இருப்பதாக நினைத்துக்கொண்டு வரிசை மாறாமல் போடுகிற தனிச் சண்டை. இவன் செய்யப்போவது தானே உருவாக்கிய கட்டாவாம். அது முடிந்ததும் புதுப் பயிற்சிக்கூடத்துக்கு இவனைத்தான் தலைமை ஆசிரியராக அறிவிக்கப்போகிறார்கள்.

தானே உருவாக்கியதாம், கூசாமல் சொல்கிறான். அது அக்காவுடைய கட்டா. மருந்துக்கடை வேலை முடிந்து வந்து, வீட்டுப் பின்னறையில் துணிக்கொடிக்குக் கீழே நின்று, அவள் பார்த்துப் பார்த்துக் கோத்தது. அந்த அறைக்கு இடுப்பு உயரத்தில் தொடங்கும் ஒரு ஜன்னல். சந்துக்கு அந்தப் பக்கம், நேர் எதிரே, இவன் வீட்டு ஜன்னல். பல் தேய்க்கிற சாக்கில் நின்று நின்றே மொத்தத்தையும் சுருட்டிவிட்டான்.

சுருட்டியதோடு விட்டானா? அவளுக்கு முந்திக்கொண்டு சங்கத்தில் செய்துகாட்டினான். பிறகு அவள்தான் தன்னைப் பார்த்துத் திருடிவிட்டாள் என்று புகாரும் கொடுத்தான். விசாரணையில் இரண்டு பேரையும் செய்யச் சொன்னார்கள். இவன் நடுவில் சட்டென்று இடப்பக்கம் ஓர் அடி ஒதுங்கினான். அக்கா ஒதுங்காமல் நேராகப் போனாள். "காப்பியடிக்கிறவங்கதான் ஏதாவது ஒண்ண விட்டுடுவாங்க," என்று ஒரே போடாகப் போட்டான். தான் அவள் வீட்டு வாசப்படியைக்கூட மிதித்ததில்லை என்று சத்தியமும் செய்தான். சங்கம் அவனை நம்பியது.

சங்கத் தலைவி நல்ல மனுஷிதான். தீர்ப்பை நேரிலேயே சொல்ல வந்தார். அம்மாவின் காதில் விழ வேண்டாம் என்று பின்னறைக்கே போய்ப் பேசினார்கள். அங்கே நாற்காலி போட இடமேது? வாஷிங் மெஷின்மேல் உட்கார்ந்து டீயைக் குடித்துவிட்டு, அக்காவின் கறுப்பு பெல்ட்டை வாங்கிக்கொண்டு போனார்.

அதன்பிறகு அவளிடம் கராத்தே படித்த பெண்கள்கூடத் தெருவில் அவளைக் கண்டால் எதிர்ச்சாரிக்கு மாறினார்கள். இவனோ காலையில் ஜன்னலில் நின்று, "வணக்கம் மாஸ்டர்," என்பான், வாய் நிறையப் பற்பசை நுரையோடு. கேட்கிற யாருக்கும் பற்றிக்கொண்டு வரும். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னலைச் சாத்துவாள்.

போன வாரம் வாஷிங் மெஷின் மக்கர் பண்ணியது. மெக்கானிக் வந்து கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். காலியாகக் கிடந்த அறையில் கட்டா செய்துகொண்டிருந்த அக்கா பாதியில் நின்றாள். அப்படியே தரையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். தங்கை பதறிப்போய் ஓடிவந்து என்னவென்று கேட்டதற்கு, இந்தத் தடவை அவனை விடப்போவதில்லை என்று மட்டும் சொன்னாள்.

மேடையில் அவன் கட்டாவை ஆரம்பித்தான். அதே தடுப்பு, அதே குத்து, அதே திருப்பம். நடுவில் சட்டென்று இடப்பக்கம் ஓர் அடி ஒதுங்கியபோது கூட்டம் கைதட்டியது. முடித்துவிட்டு மைக்கைப் பிடித்து, இதைச் செய்யும்போதெல்லாம் தாய்மடியில் இருப்பதுபோல இருக்கும் என்று உருகினான். யாருக்காவது சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்றார் தலைவி.

அக்கா எழுந்தாள். தங்கை பிடித்த கையை உதறிவிட்டு விறுவிறுவென்று நடந்தாள். அவள் மேடையோரம் செருப்பைக் கழற்றியதும் முன்வரிசை ஆட்கள் இரண்டு பேர் அவளைப் பிடிக்கத் தயாராக எழுந்து நின்றார்கள்.

அவள் கீழேயே நின்று கேட்டாள். "மாஸ்டர், நடுவுல ஓர் அடி ஒதுங்குறீங்களே, அது எதுக்கு?"

அவனுக்கு வாயெல்லாம் பல். தோண்டிய குழியில் அவளே வந்து விழுகிறாளே.

"அந்த அடிதான் இந்தக் கட்டாவோட உயிர். அந்த இடத்துல ஒரு ஈட்டிக்காரன் பதுங்கி உக்காந்திருக்கான். அவன் கண்ணுக்குத் தெரியமாட்டான், உருவாக்கினவன் மனசுக்குத்தான் தெரிவான். பாத்துத் திருடினவங்களுக்கு எப்படித் தெரியும்?"

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. தலைவியும் தட்டினார். தங்கை முகத்தைப் பொத்திக்கொண்டாள். தட்டி முடித்த தலைவி, இன்னும் எதற்கம்மா நிற்கிறாய், போய் உட்கார் என்றார் பரிதாபமாக.

அக்கா உட்காரவில்லை. அவனை விட்டுவிட்டுத் தலைவியின் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவும் இல்லை.

"அங்க ஈட்டிக்காரன் யாரும் இல்ல மேடம். நீங்க உக்காந்து டீ குடிச்சீங்களே, எங்க வாஷிங் மெஷின், அதுதான் இருந்துச்சு."